கினிப்பன்றி வந்திருக்கிறது!

குழந்தை அடம் பிடித்தாயிற்று; நீங்களும் மசிந்தாயிற்று. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு கினிப்பன்றி வீடு வந்து சேர்ந்துவிட்டது. பெயரைக் கேட்டுப் பாட்டி முகம் சுளித்தால் சமாதானம் சொல்லுங்கள்: பன்றி ஜாதிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைப் பிரதேசத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வீட்டில் வளர்த்து வரும் கொறிக்கும் பிராணி அது. எதற்காக வளர்க்கிறார்கள் என்று குழந்தை கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள். அங்கே அது சாப்பாட்டுப் பண்டம்!

இதனிடம் ஒரு விசித்திர குணம் உண்டு. பசி வந்தால், காய்கறிப் பை சரசரத்தால் போதும், 'வீக், வீக்' என்று வீட்டையே இரண்டாக்கிவிடும். வியாதி வந்தாலோ, வாயே திறக்காது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற வம்சமல்லவா? நோஞ்சான் என்று காட்டிக்கொண்டால் முதல் பலி தான்தான் என்பது அதன் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆகவே சௌக்கியமாய் இருப்பதுபோலக் கடைசிவரை நடிக்கும். "நேற்றுக்கூட நன்றாக இருந்ததே!" என்று கண்ணைக் கசக்குகிறவர்களில் பலர் இந்த நடிப்பில் ஏமாந்தவர்கள்தாம். முதல் இரண்டு வாரம் நீங்கள் கொஞ்சம் துப்பறியும் வேலை பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கு வேண்டிய கருவி ஒரு சமையலறைத் தராசு. வந்த அன்றே நிறுத்து, எடையைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். முதல் வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒரு தடவையும் நிறுத்தால் போதும். நன்கு வளர்ந்த பிராணி சுமார் 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். குட்டியென்றால் எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறாமல் நின்றாலும், இறங்கினாலும், உங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தராசுக்குத் தெரிந்துவிடும். புழுக்கையையும் கவனியுங்கள். அதன் குடல் ஓயாமல் ஓட வேண்டிய யந்திரம். புது இடத்தில் முதல் நாள் கூச்சப்பட்டு மூலையில் ஒடுங்குவது சகஜம்தான். ஒரு மண் தொட்டியைக் கவிழ்த்து வாசல் வைத்துக் கொடுத்தால் அதற்குள் புகுந்துகொள்ளும். ஆனால் கூச்சத்திலும் புல்லைக் கொறிக்க வேண்டும். அரை நாள் முழுக்க எதையும் தொடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போய்விட வேண்டும்.

ஆகாரத்தில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். நாய், பூனை, மாடு எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் 'ஸி'யைத் தங்கள் உடம்பிலேயே தயார் செய்துகொள்ளும். மனிதனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கினிப்பன்றிக்கும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அது நமக்குச் சொந்தக்காரன்! நார்வே தேசத்தில் அக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல் சிப்பந்திகளுக்கு வந்த பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நோய் வரவில்லை. மாலுமிகளைப் பல நூற்றாண்டுகளாக வாட்டி வதைத்த ஸ்கர்வி வந்துவிட்டது! 1907இல் அவர்கள் இதை வெளியிட்டதிலிருந்துதான் அந்த நோயின் மர்மம் துலங்க ஆரம்பித்தது.

அந்தத் தானியமும் ரொட்டியும் இன்று நம் வீடுகளிலும் நடக்கின்றன. கடைக்காரர் முயல் தீனியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "இதுவே போதும்" என்கிறார். முயலுக்குப் போதும், அது தன் வைட்டமினைத் தானே செய்துகொள்கிறது. கினிப்பன்றிக்கோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் 'ஸி' வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் மூட்டு வீங்கும், நடக்கத் தயங்கும், ரோமம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், ஈறில் ரத்தம் கசியும். மருந்தைக் குடிக்கும் ஜலத்தில் கலந்தால் சீக்கிரமே வீரியம் போய்விடுகிறது. தினம் குடமிளகாயில் ஒரு துண்டு, ஒரு பிடி கொத்தமல்லித் தழை, எப்போதாவது சிறு கொய்யாத் துண்டு. இவற்றை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். மற்றபடி நாள் முழுவதும் புல்தான் சாப்பாடு. அறுகம்புல் கிடைத்தால் பேஷ்! பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அது தேய்வதற்காகவாவது புல்லைச் சவைக்க வேண்டும். தயிர் சாதம், பிஸ்கோத்து உபசாரமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. மூக்கு ஒழுகுகிறது, தும்முகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்குக் கொடுத்து மீந்த அமாக்ஸிஸிலின் மருந்து அலமாரியில் இருக்கிறது. "இரண்டு சொட்டு கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். அந்த இரண்டு சொட்டு கினிப்பன்றிக்கு எமனாக முடியலாம். பெனிஸிலின் வர்க்கத்து மருந்துகள் அதன் குடலில் ஜீரணத்துக்கு உதவும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடுகின்றன. அந்த இடத்தில் விஷக் கிருமிகள் பெருகி, சில நாளில் பிராணனையே வாங்கிவிடும். மனிதர்களில் லட்சோபலட்சம் பேரைப் பிழைக்க வைத்த மருந்து இந்தச் சாதுவுக்கு ஆகாது என்பது 1943இலேயே தெரிந்த சங்கதி. வைத்தியரிடம் போனாலும் "இது கினிப்பன்றி" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நாய், பூனை பார்க்கிற எல்லோருக்கும் இதைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. பழக்கமுள்ளவர் யார் என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வைப்பது நல்லது.

அந்தத் தும்மல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல சமயம் வீட்டு நாயிடமிருந்தோ, ஒரே கூண்டில் விட்ட முயலிடமிருந்தோதான். அவற்றுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி இதன் நுரையீரலைப் பிடித்துவிடுகிறது. மரத்தூள் பறக்கும் படுக்கையும், ஈரம் நாறும் கூண்டும் அதற்குத் துணைபோகும். நம் ஊர் வெயிலும் லேசானதல்ல. 30 டிகிரி ஸென்டிகிரேடைத் தாண்டினாலே மலை ஜாதிப் பிராணிக்கு அவஸ்தை. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எச்சில் வழிய, மூச்சு இரைக்க நீட்டிப் படுத்துவிட்டால் நிழலுக்கு எடுத்து வந்து, சாதாரண ஜலத்தில் நனைத்த துணியால் ஒற்றிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள்.

ரோமம் வட்டமாக உதிர்ந்து தோல் செதில் விட்டால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் தொற்றும் என்பதால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஓயாமல் சொறிந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு கினிப்பன்றி இருந்தால் புதியதை இரண்டு, மூன்று வாரம் வேறு அறையில் வைத்த பிறகு சேர்த்துவிடுங்கள். தனிமை அதற்குப் பிடிக்காது, சேர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் சேர்க்குமுன் ஆணா, பெண்ணா என்று வைத்தியரையே பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் வாக்கு இதில் பலிப்பதில்லை. ஏழு மாதத்துக்குமேல் ஆன பெண் முதல் தடவையாகக் கர்ப்பமானால், அதற்குள் இடுப்பெலும்பு இறுகியிருக்கும். பிரசவம் உயிருக்கே ஆபத்தாகும். கடையிலிருந்து வரும்போதே கர்ப்பமாக வருவதும் உண்டு. கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் கண் திறந்து, பல் முளைத்து, ரோமத்தோடு பிறந்து, மறுநாளே புல்லைக் கொறிக்கும். அவற்றில் ஆண் குட்டிகளை மூன்று வாரம் ஆனதும் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்து வேறு கூண்டில் விட்டுவிடுங்கள். அந்த வயதிலேயே அவை தகப்பனாகத் தயார்!