தலைச்சொல்லில் ஒருசீர்மை வேண்டும்

கலைக்களஞ்சியத்தைத் திறப்பவன் முதற்கண் தேடுவது கட்டுரையை அன்று, தலைச்சொல்லை. உள்ளே எத்துணை அரிய செய்திகள் குவிந்து கிடப்பினும், அவன் எப்பெயர் கொண்டு தேடுகின்றானோ அப்பெயர் உரிய இடத்தில் இல்லையெனின், அச்செய்திகள் அவனைப் பொறுத்தவரை எழுதப்படாதனவே. அச்சிட்ட மடலங்களில் இவ்விடர் இன்னும் பெரிது. 'இலண்டன்' என்று எழுதினால் அவ்வூர் இகரத்தில், தொடக்க மடலங்களில் நிற்கும்; 'லண்டன்' என்று எழுதினால் லகரத்தில், ஏறத்தாழ இறுதி மடலத்திற்குப் போய்விடும். 'இட்லர்' இகரத்தில் இருப்பான். 'ஹிட்லர்' தமிழ் நெடுங்கணக்கு முழுதும் முடிந்த பின்னர், வடவெழுத்துகளுக்கென ஒட்டவைத்த வாலில் கிடப்பான். ஒரே ஊர், ஒரே ஆள்; இடையே எத்தனை மடலங்கள்!

முன்னாளில் இதனை முடிவு செய்ய ஒருவரேனும் ஒரு குழுவேனும் இருந்தனர். 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி, சிங்காரவேலு முதலியார் என்னும் தனியொருவரின் உழைப்பு. (நூற்பெயரில் தமிழில்லையே என்னும் வருத்தம் நமக்குண்டு, அஃது அவ்வுழைப்பின் பெருமையைக் குறைத்துவிடாது.) தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்து மடலங்களாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்திற்குப் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக அமர்ந்திருந்தார். 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ அத்தகைய தலைமையாசிரியர் எவருமிலர். தமிழ்நாடு, ஈழம், கனடா, சிங்கப்பூர் எனப் பல நிலங்களிலிருந்தும் ஊதியம் கருதாத் தொண்டர்கள் எழுதி எழுதி, 1,00,000 கட்டுரைகளைக் கடந்து நிற்கின்றது அது. அத்தொண்டினை நெஞ்சாரப் போற்றுகின்றோம். ஆயினும், பலர் கூடிக் கட்டும் வீட்டில் அளவுகோல் ஒன்றாதல் வேண்டுமன்றோ?

பலர் கூடினால் ஒருசீர்மை வாராது என்பார்க்கு ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு உண்டு. சியார்ச்சு இலூக்காசு என்னும் அமெரிக்கர் 1977-இல் எடுத்த 'விண்மீன் போர்கள்' என்னும் திரைப்படமும், அதனைத் தொடர்ந்த படங்களும் கதைகளும் மேலைநாடுகளில் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. அக்கதைகளில் ஈடுபட்ட சுவைஞர்கள் 2005-இல் தமக்கென ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். கதையில் வரும் மயிரடர்ந்த ஓர் இனத்தாரின் பெயரைக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர். அப்பெயர் 'வூ' என்று தொடங்குவது. வகரத்தோடு ஊகாரம் மொழிமுதலில் வாராது ஆகலின் நாம் ஊக்கிப்பீடியா என்போம். நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள. அத்தனையும் இல்லாத உலகைப் பற்றியவை!

அவர்கள் தலைப்பிடும் முறையைக் காண்க. பொதுப்பெயர் ஒருமையில் நிற்கவேண்டும். கதைமாந்தன் பெயர் படத்திலும் நூலிலும் எவ்வாறுளதோ அவ்வாறே வரவேண்டும். எழுதுவோன் தன் விருப்பப்படி மாற்றலாகாது. மாற்றுப்பெயர்கள் யாவும் அவ்வொரு தலைப்புக்கே வழிகாட்ட வேண்டும். அப்படக்குழுமம் 2012-இல் கைமாறிற்று. 2014-இல், முன்னர் வெளிவந்த புதினங்களும் பிறவும் மூலக்கதையைச் சேர்ந்தனவல்ல, 'பழங்கதைகள்' என்னும் தனி வரிசையின என்று உரிமையாளர் அறிவித்துவிட்டனர். ஒரே கதைமாந்தனுக்கு இரண்டு வரலாறுகள் ஆயின. சுவைஞர்கள் கலங்கினாரல்லர். ஏற்கப்பட்ட வரலாற்றுக்கு வெறும் பெயரே தலைப்பு. மற்றதற்கு அப்பெயரோடு சாய்கோடிட்டுப் 'பழங்கதைகள்' என்னும் அடையைச் சேர்ப்பது என்று நெறி வகுத்தனர். புனைவு மாந்தர்க்கே இத்துணை ஒழுங்கு!

மெய்யான நாடுகளுக்கும் மெய்யான மாந்தர்க்கும் தலைச்சொல் வகுக்கவேண்டிய நாமோ எந்நிலையில் உள்ளோம்? வடவெழுத்தை விடமாட்டேன் என்பாரைப் பற்றி ஈண்டுப் பேசவில்லை. அவர்களோடு நமக்குள்ள வழக்குப் பழையது, அது தொடரும். நம்மவரைக் கேட்கின்றோம். 'ஸ்டாலின்' என்பதை விலக்கினோம், நன்று. அவ்விடத்தில் வைத்தது என்ன? ஒருவர் இசுடாலின் என்கிறார், ஒருவர் சுடாலின், வேறொருவர் தாலின். 'ஆஸ்திரேலியா'வை நீக்கி ஆசுதிரேலியா, ஆசுத்திரேலியா, ஆத்திரேலியா என மூன்றைப் படைத்துள்ளோம். நாட்டை இசுபெயின் என்று எழுதும் கையே அந்நாட்டு மொழியை எசுப்பானியம் என்றும் எழுதுகின்றது. வடவெழுத்தாளன் கையிலோ ஒரே வடிவம் இருக்கின்றது. நம் மூன்று வடிவங்களைக் காட்டி, 'உங்களுக்குள்ளேயே முடிவில்லையே' என்று அவன் நகைத்தால் என்ன மறுமொழி சொல்வோம்?

இக்குழப்பத்திற்கு அறியாமை மட்டுமே கரணியம் என்று சொல்லிவிட முடியாது. வடசொல் தமிழிற் புகுங்கால் வடவெழுத்தைக் களைந்து தமிழெழுத்தால் அமையவேண்டுமெனத் தொல்காப்பியம் எச்சவியலில் நெறியிட்டது. எவ்வெழுத்து எதுவாகத் திரியும் என்பதை நன்னூல் விரித்தது. அதன்படி ஹரன் அரனாவான், மோஹம் மோகமாகும், ஷண்முகன் சண்முகனாவான், விஷம் விடமாகும், பங்கஜம் பங்கயமாகும். ஸகரத்திற்குச் சகரம், தகரம் என்னும் இரு வழிகளையும் நன்னூல் திறந்து வைத்தது. ஆகவே ஆத்திரேலியாவுக்கும் இலக்கணம் உண்டு. ஆசுத்திரேலியாவுக்கும் இலக்கணம் உண்டு. இரண்டும் பிழையில்லாதபோது ஒன்றைத் தேர்ந்து மற்றதை விடும் துணிவுதான் நம்மிடம் இல்லை.

எம் கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். அயற்பெயரின் இடையில் வல்லெழுத்துக்கு முன் வரும் ஸகரத்தைச் 'சு' என்றே எழுதுக. மொழிமுதலில் அது நின்றால் முன்னே இகரம் சேர்க்க. அடுத்துவரும் வல்லெழுத்தை இரட்டிக்க மறவற்க. இரட்டிப்பதை அழகுக்கென்று எண்ணவேண்டா. 'இசுடாலின்' என்புழி டகரம் ஈருயிர்க்கு நடுவில் நிற்றலின் மெலிந்து ஒலிக்கும். 'இசுட்டாலின்' என்றால்தான் அவன் பெயரின் வன்மை கேட்கும். ஆசுத்திரேலியா என்பதற்கும் இதுவே கரணியம். தாலின் என்று எழுதினால் அவன் எவன் என்றே தெரியவில்லை! கிறித்து போன்று ஊன்றிவிட்ட வடிவங்களைத் தொடவேண்டா. இலக்குவனையும் வீடணனையும் கம்பன் தமிழாக்கியபோதும், பேதுரு, யோவான் என்று விவிலியத்தார் எழுதியபோதும், படித்தவர் மயங்கினாரல்லர். ஏனெனின் நூல் முழுதும் ஒரே வடிவம் நின்றது.

ஈழத்தாரோடு நமக்குள்ள வேறுபாடு இதனினும் நுட்பமானது. ஆங்கிலத்தின் வல்லொலியை அவர்கள் ரகர றகரங்களால் குறிப்பர். நாம் டகரத்தால் குறிப்போம். கனடாவின் பெருநகர் அவர்க்கு ரொறன்ரோ, நமக்கு டொராண்டோ. மொழிமுதல் மரபை நோக்கின் ரகரமும் ஆகாது, டகரமும் ஆகாது; எவரும் எவரையும் பழிக்க இடமில்லை. வேதியியலில் அவர்களின் பள்ளிநூல்கள் ஒட்சிசன், ஐதரசன் என்று வடவெழுத்தை அறவே ஒதுக்கியபோது, தமிழ்நாட்டுப் பள்ளிநூல்கள் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் என்றே அச்சிட்டன. இதில் ஈழம் நமக்கு முன்னோடி என்று ஒப்புக்கொள்வதில் என்ன இழிவு? தனித்தமிழார் ஆக்கிய உயிர்வளியும் உயிரகமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதால், மாணவன் இரண்டையும் விட்டு ஆக்ஸிஜனுக்கே போய்விடுகின்றான். தேடுவோர்க்கு இருவகையாரும் அறிந்த ஒரு தலைச்சொல் முடிவாகும்வரை, முதலில் எழுதியவர் இட்ட வடிவமே நிற்க. மற்றது வழிகாட்டியாக அமைக. நள்ளிரவில் ஒருவர் தலைப்பை மாற்றுவதும் விடியலில் இன்னொருவர் திருப்பி மாற்றுவதும் தமிழ்த்தொண்டு ஆகா.

ஊர்ப்பெயர்களில் எம் நிலை கடுமையானது. மாயூரம், மாயவரம் எனச் சிதைந்த பெயர் 1982-இல் மயிலாடுதுறை என மீண்டது, மக்கள் தடுமாறினாரா? அவ்வாறே விருத்தாசலத்தைத் திருமுதுகுன்றம் என்றும், வேதாரணியத்தைத் திருமறைக்காடு என்றும் தலைப்பிடுக. வடபெயர்கள் வழிகாட்டிகளாக நிற்கட்டும். ஆனால் ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றொன்றை விடலாகாது. தஞ்சைப் பெரியகோயிலில்தான் சிக்கல். பிரகதீசுவரர் கோயில் என்பது பின்னாளில் ஏறிய பெயர், அதனைத் தள்ளுவோம். அரசன் கல்லில் வெட்டுவித்ததோ இராசராசேச்சரம் என்னும் பொருள்படும் பெயர். அது வடசொல்லாயினும் கட்டியவன் இட்டது. மக்கள் இன்று வழங்குவது பெரியகோயில். எமக்குத் தஞ்சைப் பெரியகோயில் என்பதே தலைச்சொல்லாக உகந்தது. கல்வெட்டுப் பெயர் கட்டுரையின் முதல் வரியில் வருக. இதனை மறுப்பார் நம்முள்ளேயே உளர் என்பதும் தெரியும்.

'இணையத்தில் எப்பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கத்திற்குப் போகும்படி அமைக்கலாமே, தலைப்பு எதுவாயின் என்ன' என்று சில இளைஞர் வினவுகின்றனர். படிப்பவன் சென்றுசேர்வான், மெய்தான். ஆனால் பிற கட்டுரைகளின் உள்ளே இணைப்பாகப் பெயர்த்து எழுதப்படுவதும், பட்டியல்களில் ஏறுவதும், மாணவன் தன் ஏட்டில் படியெடுப்பதும், மொழிபெயர்ப்புப் பொறிகள் பாடமாகக் கொள்வதும் அத்தலைப்பைத்தான். வழிகாட்டிப் பெயர் வாயிலோடு நின்றுவிடும்.

ஆகவே, வரும் தைத் திங்களுக்குள் நம் அன்பர்கள் மாவட்டந்தோறும் கூடி, அயலொலிகளைத் தமிழில் பெயர்க்கும் பட்டியலை ஒரே தாளில் அடங்குமாறு வகுக்க முன்வரவேண்டும். ஈழத்து அன்பர்களையும் மலையக அன்பர்களையும் கலந்தே அதனைச் செய்க. உலக நாடுகளின் பெயர்கள், தனிமங்களின் பெயர்கள் என்னும் இரண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டால் போதும். தத்தம் பகுதியில் வழங்கும் வடிவங்களைப் படிப்போர் எழுதி விடுத்தால், அடுத்தடுத்த இதழ்களில் அவற்றை ஒப்பிட்டு வெளியிடுவோம்.