கணிப்பொறி வரட்டும், கணக்கு முதலில் ஒழுங்காகட்டும்



பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு செல்லும் சாலையில், க்யூ.ஆர். அட்டை தொங்காத மளிகைக் கடையை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். படிக்கல் தராசு போய் எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. பில் போடும் கணிப்பொறியும் ஒவ்வொரு கடையாக ஏறிக் கொண்டிருக்கிறது. காலமறிந்து நடப்பவனே வணிகன் என்பதால் இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கூடவே இன்னொன்றையும் பார்க்கிறோம். மேஜை மேல் கணிப்பொறி, கல்லாவுக்கு அடியில் பழைய கடன் நோட்டு, முதலாளியின் சட்டைப் பையில் துண்டுச் சீட்டு என்று ஒரே கடைக்கு மூன்று கணக்கு ஓடுகிறது. இரவு கடை கட்டும்போது மூன்றும் மூன்று தொகை சொல்கின்றன. ஆறு மாதம் கழிந்ததும் கணிப்பொறி மேல் ஒரு துணி விழுகிறது. "நம்ம கடைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்ற பேச்சும் எழுகிறது. பணம் போட்டு வாங்கியவருக்கு நஷ்டம். வாங்கலாமா என்று யோசித்துக் கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரருக்கு அச்சம்.

இதற்குக் கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் யார் எதை எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும், பழைய ஏட்டை எந்தத் தேதியில் மூட வேண்டும் என்று முடிவு செய்யாமல் பொருளை மட்டும் வாங்கி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

மாற்றம் நமக்குப் புதிதல்ல. அணாவும் தம்படியும் எண்ணிக் கொண்டிருந்த வணிகர்கள் 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசாவுக்கு மாறினார்கள். வீசை, பலம், சேர் என்று நிறுத்தவர்கள் 1958 முதல் படிப்படியாகக் கிலோவுக்கு வந்து, 1962க்குள் முழுவதுமாக மாறினார்கள். எழுத்தறிவு குறைவாக இருந்த காலம் அது. ஆனாலும் நாடு முழுவதும் உள்ள கடைகள் மாறின. எப்படி? பழையதும் புதியதும் சேர்ந்து புழங்கச் சில காலம் தரப்பட்டது. இத்தனை பலத்துக்கு இத்தனை கிராம் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியல் இருந்தது. அதன்பின் பழைய எடைக்கல்லை விட்டுவிடத் தேதி குறிக்கப்பட்டது. இந்த மூன்றும் இல்லாமல் இன்று கணிப்பொறிக்கு மாற நினைப்பவர்தான் சிக்கிக் கொள்கிறார்.

நம் கண்ணெதிரிலேயே இருக்கும் இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்ற முறை உண்டு. இறால் வலையை எந்த இடத்தில், எந்த நாளில், யார் கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். சச்சரவே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சச்சரவு வந்தால் தீர்த்துக் கொள்ள ஓர் ஒழுங்கு இருக்கிறது. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தபோதும் அந்த ஒழுங்கு நின்றது. வலையை மாற்றலாம், படகை மாற்றலாம். யாருடைய முறை என்பது தெரியாமல் ஏரியில் இறங்க முடியாது. கடைக்கும் அதுவே பொருந்தும்.

இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஃபாக்ஸ்மேயர் என்று ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனம் இருந்தது. ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் விற்பனை. 1993இல் தன் கணக்கு முழுவதையும் புதிய கணிப்பொறி முறைக்கு மாற்றவும், தானியங்கிக் கிடங்கு ஒன்றை அமைக்கவும் ஒரே நேரத்தில் இறங்கியது. ஆர்டர்களின் எண்ணிக்கையைப் புதிய முறையால் சமாளிக்க முடியவில்லை. பழைய கிடங்குகள் மூடப்படும் என்று தெரிந்த தொழிலாளர்களோ மனம் ஒப்பி வேலை செய்யவில்லை. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கணிப்பொறி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பின்னர் வழக்குகளும் நடந்தன. என்றாலும், அகலக் கால் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பகுதிக் கடைகளின் உயிர்நாடி கடன் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு. அந்த நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டும். அரிசியும் எண்ணெயும் நாம்தான் கொடுக்கிறோம். மீன்பாடு திரும்பியதும் பணம் வருகிறது. முப்பது நாள் தவணை முடிந்ததும் பாக்கிக்காரர் என்று சிவப்பில் காட்டும் மென்பொருளுக்கு இந்த நெளிவு சுளிவு தெரியாது. கணக்குப் பார்க்கும் பெரியவருக்குத் தெரியும். மகன் கணிப்பொறி முன் உட்கார்ந்ததும் அந்தப் பெரியவரை மூலையில் உட்கார வைப்பது நன்றிகெட்ட செயல் மட்டுமன்று, நஷ்டமும்கூட. அவரை வைத்தே புதிய கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஏற்றியது சரி என்று அவர் சொன்ன பிறகுதான் பழைய நோட்டை மூட வேண்டும்.

அப்படியானால் மெதுவாக, வசதிப்பட்டபோது மாறலாமே என்று சிலர் கேட்கலாம். வெளியுலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். யு.பி.ஐ. மூலம் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, வணிக வரித்துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பால், காய்கறி போன்ற வரியில்லாப் பொருள் விற்ற பணமும், கைமாற்றும், குடும்பப் பணமும் அதில் சேர்ந்திருப்பதாக வணிகர்கள் முறையிட்டார்கள். பெங்களூரில் பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையையே கழற்றினார்கள். பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் அறிவித்த பிறகே கொதிப்பு அடங்கியது. எது சரக்கு விற்ற பணம், எது சொந்தப் பணம் என்று பிரித்து எழுதி வைத்திருந்த கடைக்காரர் நோட்டீஸைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்தும், குளியல் சோப்பு, தலை எண்ணெய், பற்பசை 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கின. பொருள் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்கும் கடைக்கு இது ஓர் இரவு வேலை. ஒரே சோப்பை நான்கு பெயரில் ஏற்றி வைத்திருக்கும் கடைக்கோ வாரக் கணக்கில் தலைவலி.

எனவே நம் வணிகர்களுக்கு நாம் கூறும் யோசனைகள் இவை:

முதலாவது, வாங்கும் முன் ஒரு நாள் கடையை அடைத்து இருப்பு எடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று தமிழிலேயே பட்டியல் போடுங்கள்.

இரண்டாவது, கடன் நோட்டிலுள்ள ஒவ்வொரு நிலுவையையும் வாடிக்கையாளரை நேரில் வைத்துக் கொண்டு படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட தொகையையே ஏற்றுங்கள். நாமே ஏற்றிக் கொண்டு பின்னால் தொகை சொன்னால், தலைமுறையாக வந்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பாக்கெட் சரக்கில் தொடங்குங்கள். அது பழகியபின் சில்லறையில் நிறுக்கும் சரக்கு, கடைசியாகக் கடன். ஆயுத பூஜையோ சித்திரை முதல் நாளோ, ஏதாவது ஒரு தேதியைக் குறித்து, அன்றோடு பழைய ஏட்டை நிறுத்துங்கள். மூடிய ஏட்டைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, கடை ஊழியர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். கணிப்பொறி வந்தால் தம்மை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர் அதைக் கற்றுக்கொள்ள மாட்டார். குறைந்தது இருவருக்காவது பில் போடத் தெரிந்திருக்க வேண்டும். ரகசிய எண்ணை ஒரே ஊழியரிடம் விட்டுவிட்டு, அவர் ஊருக்குப் போன அன்று முதலாளி திகைத்து நிற்கக் கூடாது.

ஐந்தாவது, கைப்பில் புத்தகம் ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்டும் செல்போன் சிக்னலும் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போதும் கடையில் ஆள் வந்து நின்றார்கள். வாரம் ஒரு முறை கணக்கின் நகலை எடுத்து வீட்டில் வைப்பதும் அவசியம்.

மென்பொருள் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் என் கணக்கு முழுவதையும் எடுத்துக் கொடுப்பீர்களா? ஆண்டுச் சந்தா எவ்வளவு, அடுத்த ஆண்டு எவ்வளவு? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள்.

தனித்தனியே போய் ஏமாறுவதைவிட, ஊர்ச் சங்கங்கள் பத்துப் பதினைந்து கடைகளாகச் சேர்ந்து பேசினால் விலையும் குறையும், பயிற்சியும் கிடைக்கும். முதலில் மாறிய கடைக்காரர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தில் கொடி ஏற்றுவதோடு, இதற்கென ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குமாறு சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெரிய கடைகளுக்கு முதல் இருக்கிறது. நமக்கு இருப்பது, எந்த வீட்டுக்கு எப்போது என்ன தேவை என்று தெரிந்த அறிவு. அந்த அறிவு கணிப்பொறிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், அடுத்த தலைமுறை நம் கடைகளைத் தயங்காமல் ஏற்று நடத்தும்.