மொழியறியாத தேசமும் வஹகோட்டை தரும் பாடமும்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அண்மையில் அமைந்துள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தினால் நாடறிந்த கிராமம். ஆண்டுத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அடியார்கள் அங்கு திரள்கின்றனர். எனினும், அக்கிராமத்தின் வரலாறு அத்திருத்தலத்தின் புகழளவுக்கு அறியப்பட்டதன்று. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி அரசர்களின் கையில் சிறைப்பட்ட போர்த்துக்கேயரும் அவர்களது வழிவந்தோரும் குடியமர்த்தப்பட்ட இடங்களுள் வஹகோட்டையும் ஒன்று. தாய்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, திரும்பிச் செல்ல வழியற்று, ஊராரின் மொழியில் ஒரு சொல்லும் அறியாத நிலையில் அங்கு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் அவர்கள். இன்று அவர்களது சந்ததியினர் பேசுவது சிங்களம். மூதாதையரின் மதம் எஞ்சியிருக்கிறது, மொழி எஞ்சவில்லை.

மொழியறியாத மண்ணில் ஓர் அந்நியர் கூட்டம் வேரூன்றியது எங்ஙனம் என்ற வினாவுக்கு, அக்காலத்தில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விடைக்கான குறிப்புகள் கிடைக்கின்றன. 1660இல் பிடிபட்ட நொக்ஸ் 19 ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, 1679இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்றவர். பிடிபட்ட வெளிநாட்டினரை இரண்டாம் இராஜசிங்க மன்னன் நிலவறையில் பூட்டி வைக்கவில்லை. வெவ்வேறு கிராமங்களில் தங்கவைத்து, அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைத்தான். நாள்தோறும் சோறு கொண்டு வருபவரோடு பேசித்தான் ஆகவேண்டும். கைச்சாடையில் தொடங்கிய அப்பேச்சு காலப்போக்கில் மொழியாயிற்று. நொக்ஸ் சிங்களம் பயின்றார். தொப்பி பின்னி விற்றார். ஊர் ஊராகச் சென்று வணிகம் செய்தார். அவ்வாறு கற்ற மொழியும் அறிந்த வழிகளுமே இறுதியில் அவர் தப்பிச் செல்லவும் உதவின.

இதனைக் கண்டி மன்னனின் கருணை என்று புகழ வேண்டியதில்லை. சிறை சிறைதான். ஆயினும், மொழியறியாத ஒருவர் பிழைத்திருப்பதற்கு எவை இன்றியமையாதவை என்பதை அந்த ஏற்பாடு தெளிவாகக் காட்டுகிறது. அவர்களுக்குக் காலம் இருந்தது. அயலார் இருந்தனர். மண உறவுகளும் நிலமும் ஏற்பட்டன. அனைத்துக்கும் மேலாக, தவறாகப் பேசினாலும் திருத்திச் சொல்ல ஒரு கிராமம் இருந்தது.

பரிமாற்றம் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தபோது தமிழ் பயின்றே வந்தார். 1692இல் கண்டியில் உளவாளி என்ற சந்தேகத்தின் பேரில் சிறைவைக்கப்பட்டபோது சிங்களம் கற்றார். ஒல்லாந்தரின் அடக்குமுறையினால் குருமாரின்றித் தவித்த கத்தோலிக்கரிடம் அவரவர் மொழியில் பேசியதாலேயே அவரது பணி நிலைத்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தினார். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற மேசை, கதிரை, அலுமாரி, சாவி, பாண், சப்பாத்து ஆகிய சொற்களை நாம் இன்றும் நமது சொற்களாகவே வழங்குகிறோம். வந்தவரும் இருந்தவரும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் செவிகொடுத்ததன் சுவடுகள் இவை.

இனி, நமது காலத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். அவ்வாறு செல்வோரில் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்வோரும் கணிசமானோர். கிழக்கின் கரையோரக் கிராமங்களிலிருந்தும், மலையகத் தோட்டங்களிலிருந்தும், வடமேற்கின் வயல்வெளிகளிலிருந்தும் புறப்படும் இப்பெண்களுள் பலர் அரபு மொழி அறியாதவர்கள். வஹகோட்டையில் அன்று குடியமர்ந்த கைதிக்குக் கிடைத்த ஒன்று இவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதுதான் அயலார். பூட்டிய வீட்டின் நான்கு சுவர்களுக்குள் முதலாளியின் குடும்பத்தைத் தவிர வேறெவரோடும் பேச வாய்ப்பில்லாத பெண் மொழியை எவரிடம் கற்பாள்? கட்டளைகளை மட்டுமே கேட்டு வளரும் மொழியறிவில் விளக்கம் கேட்பதற்கும் மறுப்பதற்கும் சொற்கள் இருக்கமாட்டா.

அந்தக் குறைபாடு உயிரையே காவுகொள்ளும் என்பதற்கு மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை விடப் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை. 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற அவர், சில வாரங்களுக்குள்ளாகவே தமது பொறுப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தையின் மரணத்துக்காகக் கைது செய்யப்பட்டார். புட்டிப்பால் ஊட்டும்போது குழந்தைக்குப் புரையேறியதாகவே அவர் கூறினார். கடவுச்சீட்டில் அவரது பிறந்த ஆண்டு 1982 எனக் காட்டப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அது 1988. அதாவது, சம்பவம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 17. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இவ்வழக்கில் அவரது வறுமை பேசப்பட்டது, வயது பேசப்பட்டது, முகவர்களின் மோசடி பேசப்பட்டது. அவரது மொழி போதியளவு பேசப்படவில்லை. விசாரணையின் ஆரம்பத்தில் அவர் அளித்ததாகக் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாயிலாகவே பதிவானது. அம்மொழிபெயர்ப்பாளர் உத்தியோகபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டவர் அல்லர் என்றும், தமிழுக்கும் அரபுக்கும் இடையே சரிவரப் பெயர்க்கும் ஆற்றல் அவருக்கு இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது என்றும் சர்வதேச மன்னிப்புச் சபை சுட்டிக்காட்டியிருந்தது. பின்னர் அந்த வாக்குமூலத்தை றிசானா மறுத்தார். அச்சத்திலும் அதிர்ச்சியிலும் இருந்த 17 வயதுச் சிறுமி தமிழில் சொன்னது அரபில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை இனி எவராலும் அறிய இயலாது. ‘புரையேறியது’ என்ற ஒரு சொல்லைச் சரியாகப் பெயர்க்க ஒருவர் அன்று அங்கிருந்தாரா என்ற வினா மட்டும் நம்மோடு எஞ்சி நிற்கிறது.

இத்துயரத்தின் பின் அரசாங்கம் செய்தது என்ன? 2013இல் சவூதிக்குப் பணிப்பெண்களாகச் செல்வோரின் ஆகக்குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில், சிறு பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தது. பொருளாதார நெருக்கடி மூண்டு அந்நியச் செலாவணி வற்றியதும், 2022இல் அந்த வயதெல்லை 21 ஆகக் குறைக்கப்பட்டது. பெண்கள் வெளியேறும் வாயிலைத் திறப்பதும் அடைப்பதுமே கொள்கையாக இருந்தது. வாயிலைக் கடந்து சென்றவள் அங்கு எந்த மொழியில் தன் உயிருக்காக வாதாடுவாள் என்பது அக்கொள்கையின் மையத்தில் இடம்பெறவில்லை.

பணிப்பெண்களுக்கான பயிற்சியில் அரபுச் சொற்கள் கற்பிக்கப்படுவது உண்மையே. அது வரவேற்கத்தக்கது. ஆனால், சமையலறைப் பொருள்களின் பெயர்களும் வேலை ஏவும் சொற்களும் தெரிந்துவிட்டால் மொழி தெரிந்ததாகிவிடாது. நமது மலையக வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் உண்டு. தோட்டங்களுக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரை வேலைவாங்கும் பொருட்டுத் தமிழ் பயின்றனர். சின்னத்துரைமாருக்காக எழுதப்பட்ட கைநூல் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதுதான். ஏவுவதற்காகக் கற்ற அந்தத் தமிழில் தொழிலாளியின் மனக்குறையைக் கேட்டறிய இடம் சொற்பமே. இன்று வளைகுடாவுக்குச் செல்லும் பெண்ணுக்கு நாம் கற்பிப்பது அதன் மறுபாதியாக, ஏவலைப் புரிந்துகொள்வதற்கான மொழியாக, இருந்துவிடக்கூடாது. ‘எனக்கு விளங்கவில்லை’, ‘இது என் வேலையன்று’, ‘என் கடவுச்சீட்டைத் தாருங்கள்’, ‘என் தூதரகத்தோடு பேச வேண்டும்’, ‘வாசித்து விளங்காத தாளில் கையொப்பமிட மாட்டேன்’ ஆகிய ஐந்து வாக்கியங்கள் பாத்திரங்களின் பெயர்களுக்கு முன்னரே கற்பிக்கப்பட வேண்டியவை.

கொரியாவுக்குச் செல்வோரின் நிலை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2004 முதல் நடைமுறையிலுள்ள தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் அந்நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இரு அரசாங்கங்களுக்கு இடையிலான உடன்பாட்டின் வழியே ஆட்சேர்ப்பு நடைபெறுகிறது. தொழிற்சட்டப் பாதுகாப்பும் உண்டு. அங்கும் குறைபாடுகள் இல்லையெனச் சொல்வதற்கில்லை. எனினும், தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞனுக்கு மொழி தேவை எனக் கருதப்படுவதும், வீட்டுக்குள் தனித்திருக்கப்போகும் பெண்ணுக்குச் சில சொற்கள் போதும் எனக் கருதப்படுவதும் எத்தகைய நியாயம்? பல வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணியாளர் நீண்டகாலம் தொழிற்சட்டத்துக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்து நோக்கினால், சட்டப் பாதுகாப்பு எங்கு குறைவோ அங்குதான் மொழியறிவும் குறைவாக வழங்கப்பட்டுள்ளது என்பது புலப்படும்.

எவ்வளவு கற்பித்தாலும், கைதாகி விசாரணைக்கு முகங்கொடுக்கும் ஒருவர் புதிதாகப் பயின்ற மொழியில் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. அத்தருணத்தில் பொறுப்பு அரசினுடையது. கைதாகும் வெளிநாட்டவர் தமது நாட்டின் தூதரக அதிகாரிகளோடு தொடர்புகொள்ளும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம் 36ஆம் உறுப்புரையில் வகுத்துள்ளது. அவ்வுரிமை பயன்தர வேண்டுமாயின், இலங்கையர் செறிந்து வாழும் நாடுகளிலுள்ள நமது தூதரகங்கள் ஒவ்வொன்றிலும் தமிழ் - அரபு, சிங்களம் - அரபு மொழிபெயர்ப்பாளர் நிரந்தரப் பதவியில் இருத்தல் வேண்டும். முதல் வாக்குமூலம் பதிவாகும் வேளையிலேயே அவர் சமூகமளிப்பதற்கான ஏற்பாடு இருதரப்பு உடன்பாடுகளில் எழுதப்படல் வேண்டும். தண்டனை விதித்த பின்னர் தூதுக்குழு அனுப்பி மன்றாடுவதை விட இது செலவு குறைந்தது, பயன் மிகுந்தது.

ஆனால், இக்கோரிக்கையை உறுதியோடு முன்வைக்கும் தார்மீக வலு நமது அரசுக்கு உண்டா? மாத்தளை மாவட்டத்தின் தோட்டமொன்றிலிருந்து கணவனின் அடி தாங்காது பொலிஸ் நிலையத்துக்குச் செல்லும் தமிழ்ப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் தமிழில் சொல்வது சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியதை வாசித்தறிய இயலாத நிலையில் அவள் கையொப்பமிடுகிறாள். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் தமிழில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை விரித்துரைத்தது. அரச அலுவலர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறுவதைக் கட்டாயமாக்கிய சுற்றறிக்கை 2007இல் வெளியானது. பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி அறிந்த அலுவலர் இருத்தல் வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் அளிக்க உரிமையுடையவர் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. சட்டத்துக்கும் சுற்றறிக்கைக்கும் பரிந்துரைக்கும் குறைவில்லை. குறைவெல்லாம் மேசைக்கு அப்பால் அமர்ந்து கேட்பவரிடத்தில்தான்.

சொந்த மாவட்டத்திலேயே மொழியால் அந்நியமாக்கப்பட்ட பெண், கடல் கடந்த தேசத்தில் விளங்காத தாளில் கையொப்பமிட மறுப்பாள் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? மௌனமாகக் கையொப்பமிடும் பழக்கத்தை அவளுக்குக் கற்பித்தது அந்நிய நாடன்று. தவாத்மியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை, மாத்தளையில் ஒருவரை நியமிப்பதிலிருந்தே பிறக்கிறது.

வஹகோட்டையில் குடியேறிய கைதிகள் மொழியைக் கற்றார்கள் என்பது பாதி வரலாறுதான். அவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசியதை நின்று கேட்ட ஊரார் இருந்தனர் என்பதே மறுபாதி. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுத்தறியாத கிராமத்தவர் போரில் தோற்ற அந்நியருக்கு அளித்த அந்தச் செவியை, தன் குடிமக்களுக்கு அளிக்க ஒரு குடியரசு தயங்கலாகாது.