அந்தப் பாட்டுக்கு அர்த்தம் உண்டு

சென்ற மாதம் வந்த ஓர் இதழில் சினிமாவுக்கென்று தனிப் பகுதி. அதில் ஒரு கட்டுரை, கடந்த ஐந்தாறு வருடங்களில் மலையையும் மலை மக்களையும் வைத்து வந்த மலையாள, தமிழ்ப் படங்களை வரிசைப்படுத்தி, காடு பேசத் தொடங்கிவிட்டது என்ற தோரணையில் முடிகிறது. அதைக்கூட விட்டுவிடுவேன். நடுவில் ஒரு பத்தி இருக்கிறது, கேரளத்து மலைப் பகுதியான எங்கள் அட்டப்பாடியின் பாட்டு ஒன்றைப் பற்றி. அந்தப் பாட்டின் வலிமையே அதற்கு அர்த்தம் தேவைப்படாததுதான், அது மொழிக்கு முந்தைய ஆதி ஒலி, மொழிபெயர்த்தால் செத்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். பத்து நாளாக இந்தப் பத்தி என்னை விடவில்லை. இந்த இதழுக்கு எழுதி வைத்திருந்த தலையங்கம் வேறு, நூல் அஞ்சல் பற்றியது. அதை எடுத்து வைத்துவிட்டேன்.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 பிப்ரவரியில் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காக நஞ்சியம்மா பாடியது. ஆடு மேய்த்துக்கொண்டு பாடிய இருளப் பெண்மணி. படத்தை எடுத்த சச்சி அதே வருடம் ஜூனில் இறந்துபோனார். 2022-ல் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. சந்தால் குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் கையிலிருந்து அவர் அதை வாங்கினார். அந்த அறிவிப்பு வந்ததும் சங்கீதம் கற்ற சிலர், சுருதி சேர்த்துப் பாட இவருக்குத் தெரியுமா, ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாலும் இன்னொரு பாட்டைப் பாடிவிடுவாரா என்று கேட்டார்கள். அன்றைக்கு அதைக் கண்டித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போது கண்டிக்க வேண்டியிருப்பது அவரைக் கொண்டாடுகிற ஒருவரை. முன்னவர்கள் அந்த அம்மாளுக்கு சங்கீதம் இல்லை என்றார்கள். இவர் மொழியே இல்லை என்கிறார்.

அகளியில் இருக்கும் எந்தத் தமிழனும் அந்தப் பாட்டைக் காதில் வாங்கினால் பாதிக்கு மேல் புரியும். சந்தன மரம் இருக்கிறது. அது ஏராளமாகப் பூத்திருக்கிறது. பூப்பறிக்கப் போவோமா என்ற அழைப்பு இருக்கிறது. வானத்தில் விமானம் போகிறது, அதைப் பார்க்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. விமானம் பறக்கிற பாட்டு மொழிக்கு முந்தையதாக எப்படி இருக்க முடியும்? மேலே ஊளையிட்டுக்கொண்டு போவது எதுவென்று தெரிந்த, அதற்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிற, நம் காலத்துப் பெண் ஒருத்தி கட்டிய பாட்டு அது.

போன மழையில் இங்கே பக்கத்து ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். (அட்டப்பாடியில் ‘ஊரு’ என்றால் பழங்குடிக் குடியிருப்பு. மூப்பனும் வண்டாரியும் குறுதலையும் மண்ணூக்காரனும் உள்ள ஊர்.) அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். முறத்தில் ஆட்டுக்கொம்பு அவரையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். விரல் நகம் காய் நரம்பில் ஏறி இறங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பேரன் செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டான். நான் கட்டுரையில் படித்ததைச் சொல்லி, இது யாருக்கும் புரியாத பாட்டு என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் கை நிற்கவில்லை. “கொழந்தைக்கு மரத்தக் காட்டி, பூவக் காட்டி, மேல போற பிளேனக் காட்டிப் பாடுறது தம்பி. இதுல என்ன புரியாம இருக்குது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கேட்டாச் சொல்லியிருப்பமே” என்றும் சொன்னார்.

என் கோபத்துக்கு முழுக் காரணமும் அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

இருள மொழி யாருக்கும் எட்டாத மர்மம் அல்ல. செக் நாட்டிலிருந்து வந்த கமில் சுவலபில் இதன் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் எழுதி 1973-லேயே முதல் பகுதியை வெளியிட்டுவிட்டார். தமிழோடு ஒட்டிய தென்திராவிட மொழி. தமிழ்ச் சிற்றிதழ்க்காரனுக்கு அதைக் கேட்கக் காது கொஞ்சம் திரும்பினால் போதும். நாம்தான் வாய்மொழி மரபு, ஒலிமையவாதம், விளிம்பு என்று முப்பது வருடமாகப் பேசியிருக்கிறோம். அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளிலும், அகளி, புதூர், சோலையூர் மூன்றிலும், இருளரும் முடுகரும் குறும்பரும் பேசுவதில் ஐம்பது வரியை அச்சில் ஏற்றிய தமிழ் இதழ் எத்தனை? எங்கள் இதழும் செய்யவில்லை. அகளியில் இருந்துகொண்டே செய்யவில்லை.

இந்த எரிச்சலோடு கட்டுரைப் பட்டியலில் இருந்த படங்களையெல்லாம் மறுபடி பார்த்தேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

‘அய்யப்பனும் கோஷியும்’ எனக்குப் பிடித்த படம். கட்டப்பனையிலிருந்து வரும் பணக்காரன் கோஷி, மதுவிலக்கு உள்ள எங்கள் மண்ணில் சாராயப் புட்டிகளோடு பிடிபடுவதில் தொடங்கி, இரண்டு ஆண்களின் திமிரை வைத்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டிக் காட்டியது பெரிய கைத்திறன். அவனோடு மோதும் போலீஸ்காரர் அய்யப்பன் நாயரின் பெயரில் ‘நாயர்’ ஒட்டிக்கொண்ட கதை ஒன்றே போதும், சச்சிக்கு இந்த மண்ணின் சாதிக் கணக்கு தெரியும் என்பதற்கு. ஆனால் அய்யப்பனின் மனைவி கண்ணம்மா, பழங்குடிப் போராளி, கைக்குழந்தையோடு நின்று கோஷியைக் கிழிக்கிறவள், பேசுவது பெரும்பாலும் மலையாளம். வசனம் பேச வேண்டிய இடத்தில் மலையாளம், பின்னணியில் ஒலிக்க வேண்டிய இடத்தில் இருளம். பாட்டுக்கு ஒரு வரி சப்டைட்டில் போட்டிருந்தால் மன்னார்க்காட்டிலும் கொச்சியிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு தாய் குழந்தையோடு பேசுவது கேட்டிருக்கும். காடு முனகுவதாகக் கேட்டிருக்காது.

‘ஜெய் பீம்’. தொடக்கத்தில் எலி பிடிக்கும் காட்சிகள் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. வயலில் குனிந்து கிடக்கிற உடம்புகளை அவ்வளவு பக்கத்தில் காட்டிய தமிழ்ப் படம் அதற்கு முன் குறைவு. லாக்கப் சித்திரவதையைக் காட்டியதில் சமரசம் இல்லை. வக்கீல் வந்ததும் படம் வக்கீலுடையதாகிவிடுகிறது. கடைசியில், லாக்கப்பில் செத்தவனின் சிறு மகள் செய்தித்தாளை எடுத்து வக்கீல் மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள். எல்லோரும் கைதட்டுகிற காட்சி, எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பிறகு யோசித்தேன்: அந்தக் குழந்தைக்குத் தன் அம்மாவைப் போல உட்காரும் ஒரு காட்சி ஏன் இல்லை? அத்தனை நாற்காலிகளையும் மிதித்துத் தாண்டி வந்தவள் அந்த அம்மாதானே?

2025-ல் வந்த ‘நரிவேட்ட’, 2003 பிப்ரவரி 19 அன்று முத்தங்காவில் நிலம் கேட்டுக் குடிசை போட்ட பழங்குடிகள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டை மனதில் வைத்து எடுத்தது. அப்படி ஒரு படம் வர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று என்பதாலேயே முதல் நாள் போனேன். ஒரு போலீஸ்காரனின் மனசாட்சி விழிக்கிறது. அவன் விழிப்பதற்காக எத்தனை பேர் சாக வேண்டியிருக்கிறது! படம் முடிந்தபோது எனக்கு அவன் வேலை, அவன் காதல், அவன் அழுகை எல்லாம் நினைவிருந்தது. குடிசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு முகம்கூட நிற்கவில்லை.

எனக்கு முழுசாகப் பிடித்தது 2022-ல் வந்த ‘பட’. 1996 அக்டோபரில் பாலக்காடு கலெக்டரை அவர் அறையிலேயே நான்கு பேர் பிணை பிடித்த சம்பவம். பழங்குடி நிலச் சட்டத்தில் வந்த ஒரு திருத்தத்தை விளக்குவதற்காகப் படம் எடுத்திருக்கிறார்கள், அதுவும் விறுவிறுப்பாக. இந்தத் துணிச்சலுக்கே நூறு மார்க். அதிலும் பழங்குடிகளுக்காகப் பேசுகிறார்கள். ஆனால் அறைக்குள் இருக்கிற நால்வரும் தாங்கள் யார், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்கவில்லை.

முழுக்க இருள மொழியில் அட்டப்பாடிப் பழங்குடி மக்களே நடித்த ‘தபரிக் குருவி’ என்ற படமும் இருக்கிறது, 2022-ல் கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவுக்குப் போனது. நம் கட்டுரையாளரின் பட்டியலில் அது இல்லை. அதில் மனிதர்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். கோபிக்கிறார்கள், வழக்குத் தீர்க்கிறார்கள். ஆதி ஒலி தேடி வருகிறவருக்கு அங்கே இடமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எண்பதுகளில் கோவையில் ஃபிலிம் சொசைட்டியில் 16 எம்.எம். புரொஜெக்டர் உறுமுகிற அறையில் ‘ஆக்ரோஷ்’ பார்த்தேன். 1980-ல் வந்த படம், விஜய் டெண்டுல்கர் எழுதியது. லஹான்யா பிக்கு என்ற ஆதிவாசி, மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவன், தனக்காக வாதாட வந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். ஓம் புரியின் அந்த முகம்! பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவனின் மௌனம் அது. அவன் பேச மறுக்கிறான். மறுப்பு அவனுடைய செயல். கடைசியில் அப்பாவின் சிதையருகே தங்கையை வெட்டிவிட்டு அவன் போடும் அலறல், அர்த்தம் கடந்த ஒலி அல்லவே அல்ல. அந்தப் பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை அந்த அலறலைப் போலச் சொன்ன வசனம் இந்திய சினிமாவில் நான் கேட்டதில்லை. அன்று படம் முடிந்து விளக்குப் போட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதே வருடங்களில்தான் ஜான் ஆபிரகாமின் ஒடேஸா திரைப்பட இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு வாங்கி ‘அம்மா அறியான்’ எடுத்தார்கள். படம் 1986-ல் வந்தது, அடுத்த வருடம் ஜான் போய்விட்டார். தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ செய்த மனிதர். அவர்களில் ஒருவராவது அந்த உண்டியலோடு சுரம் ஏறி எங்கள் பக்கம் வந்திருந்தால் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

சத்யஜித் ரேயையும் விட முடியவில்லை. ‘ஆரண்யர் தின் ராத்ரி’யின் புதுப்பித்த பிரதி வெளிவந்த செய்தி படித்ததும் என்னிடமிருந்த பழைய பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காட்டில் வட்டமாக உட்கார்ந்து ஆறு பேர் ஆளுக்கொரு பிரபலப் பெயரைச் சொல்லி, முந்தைய பெயர்களை எல்லாம் ஒப்பிக்கும் நினைவு விளையாட்டுக் காட்சியை எத்தனை பேருக்கு நான் வகுப்பெடுத்திருப்பேன்! கேமரா ஒவ்வொரு முகமாகச் சுற்றும். இந்த முறை அந்த வட்டத்தில் யார் இல்லை என்று பார்த்தேன். துலி இல்லை. சந்தால் பெண் துலியாக நடித்தவர் சிமி கரேவால், உடம்பெல்லாம் கருப்புப் பூசிக்கொண்டு. பிரபலப் பெயர்களை ஒப்பிக்கிற விளையாட்டில் அந்தக் காட்டுக்காரர் பெயர் ஒன்றும் வரவில்லை. ரே மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை. காட்சியை மட்டும் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

அட்டப்பாடியில் எடுத்த படங்களிலெல்லாம் உலகம் அதிகம் பார்த்தது எது? 2018 பிப்ரவரி 22 அன்று செல்போனில் எடுத்ததுதான். அரிசி திருடியதாகச் சொல்லி, மது என்ற இளைஞனைப் பிடித்துக் கையைக் கட்டி நிறுத்தி, அவனோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அன்றே அவன் செத்தான். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் பதின்மூன்று பேருக்கு ஏழு வருடம் சிறை விதித்தது. அந்தச் சாவை வைத்துத் திரைப்படமும் எடுத்தார்கள். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை. அந்த செல்ஃபியில் ஒலி இல்லை. அவன் என்ன சொன்னான் என்று அதில் கேட்காது. காட்டைப் பற்றிப் பேசும்போது ஒலி, ஆதி, மௌனம் என்ற சொற்களை எடுக்கிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சினிமாவிலிருந்து விலகுகிறேன் என்று தெரியும், விலகத்தான் வேண்டியிருக்கிறது. பாட்டுக்கு அர்த்தமில்லை என்று சொல்வது இந்த மண்ணில் சும்மா ரசனைப் பிரச்சினை ஆகாது. பறிபோன நிலத்தைப் பழங்குடிகளுக்குத் திருப்பித் தரும் சட்டம் கேரளத்தில் 1975-ல் வந்தது. அதற்கு விதிகள் எழுத 1986 ஆயிற்று. 1996-ல் ஆளும் அணியும் எதிரணியும் கைகோத்துச் சட்டத்தைத் திருத்தியபோது சபையில் எதிர்த்து நின்றவர் கே.ஆர்.கௌரியம்மா. 1999-ல் வந்த புதுச் சட்டம், இரண்டு ஹெக்டேர் வரை கைமாறிய நிலம் வாங்கியவருக்கே என்றது. நஞ்சியம்மாவும் தன் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அலைந்துகொண்டிருப்பவர்தான். நில வழக்கில் ஊர்க்காரர்கள் சொல்வது என்ன? இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் தாத்தா ராகி விதைத்தார், அந்தப் புளியமரத்தடியில் இன்னாரைப் புதைத்தோம் என்பதுதான். திசை, மரம், பெயர். அதே சாமான்களை வைத்துத்தான் பாட்டும் கட்டியிருக்கிறது. பாட்டில் வருகிற மரம் வெறும் ஒலி என்று பழகிய காது, தாசில்தார் அலுவலகத்தில் அவர்கள் சொல்கிற மரத்தையும் அப்படித்தான் கேட்கும்.

அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இருளர், முடுகர், குறும்பர் பாட்டுகள், தமிழ் எழுத்தில் உச்சரிப்புக் குறியோடு, எதிர்ப்பக்கத்தில் வரிக்கு வரி பொருளோடு வரும். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடுவது, யாரிடம் கற்றது, இவையெல்லாம் பாட்டோடு சேர்த்தே அச்சாகும். பாடியவர் சம்மதம் இல்லாமல் எதையும் போடமாட்டோம், எங்கள் இதழ் சன்மானம் தராதது என்றாலும் பாடியவருக்குத் தருவோம். முதல் பாட்டு, அவரை உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் கேட்டு எழுதியது. களையெடுக்கும்போது பாடுவது. மூன்று முறை திருத்தினார். நான் ‘காற்று’ என்று எழுதியிருந்த இடத்தில், அது காற்று இல்லை தம்பி, ஒரு ஆள் பேரு என்றார்.