பனை பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி: அமைச்சர் சொல்லும் பதிலை உழவர்கள் எப்படிப் படிப்பது?

சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் பனையைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வி வந்துவிடுகிறது. ஓர் உறுப்பினர் கருப்பட்டிக்கு விலை கேட்கிறார். இன்னொருவர் கள்ளுக்கு அனுமதி கேட்கிறார். வேறொருவர் நம் மாநில மரமான பனையை வெட்டிச் சூளைக்கு ஏற்றுகிறார்களே என்று கேட்கிறார். மறுநாள் செய்தித்தாளில் இரண்டு வரி வருகிறது. அதைப் படித்துவிட்டு, "அரசு ஏதோ செய்யப்போகிறது" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பதிலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உங்களுக்குப் பயன் உண்டு.

முதலில், பனை ஒரே துறையின் கையில் இல்லை. விதையும் கன்றும் வேளாண்மை-உழவர் நலத்துறை. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் கதர் பக்கம். பனைத் தொழிலாளர் நல வாரியம் தொழிலாளர் நலத்துறை. கள் என்றால் மதுவிலக்கு, ஆயத்தீர்வை. கருப்பட்டியில் சீனி கலந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை. ரேஷன் கடையில் விற்க வேண்டுமென்றால் கூட்டுறவுத் துறை. "பனைத் தொழிலைக் காக்க அரசு என்ன செய்கிறது?" என்று உறுப்பினர் பொதுவாகக் கேட்டால், பதில் சொல்லும் அமைச்சர் தன் துறையில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். அதில் தவறில்லை, முறையே அப்படித்தான். ஆனால் பனையேறியின் கஷ்டம் இந்தத் துறைகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறது.

2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள். 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் தருவதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றார்கள். ரேஷன் கடையில் கருப்பட்டி விற்பதும் அதில் இருந்தது. நல்ல அறிவிப்புதான், நான் வரவேற்கிறேன். அதன்பிறகு அவையில் கேட்கப்படும் கேள்விகளில் பல "எத்தனை விதை நட்டீர்கள்?" என்பதையே சுற்றிவருவதைத்தான் பார்க்கிறேன்.

பனை பாளை விட 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும். வறண்ட மண்ணில் 20 ஆண்டுகூட ஆகும். அப்போதுதான் அது அலகுப்பனையா பருவப்பனையா என்றே தெரியும். 2021 கடைசியில் ஊன்றிய விதை மிக நன்றாக வந்தாலும் 2033-க்கு முன் கலயம் கட்ட முடியாது. அன்றைக்கு ஏற ஆள் இருப்பாரா? இன்று ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். விதைக் கணக்கு கேட்பது எளிது, பதில் சொல்வதும் எளிது. ஏறுகிறவர் கணக்கைக் கேட்டால்தான் அரசு யோசிக்க வேண்டியிருக்கும்.

"தென்னைக்கு ஏறும் கருவி வந்துவிட்டதே, பனைக்கும் கொடுத்தால் போதாதா?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. தென்னையில் காய் பறிக்க ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். பனையில் பதனீர்ப் பருவம் முழுக்க ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குப் பல மரம் ஏறுகிறார். ஒவ்வொரு மரத்திலும் கருவியைக் கட்டிக் கழற்ற நேரம் இருக்காது. மரத்தின் உச்சிவரை போனாலும், கருக்கு மட்டைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்துதான் பாளையைச் சீவ முடியும். அந்த இடத்துக்குக் கருவி உதவுவதில்லை. அதனால் "கருவிக்கு மானியம் உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "கருவி பெற்றவர்களில் எத்தனை பேர் அடுத்த பருவத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள்?" என்று கேட்க வேண்டும்.

அடுத்து, எல்லோரும் சத்தமாகப் பேசும் கள் விவகாரம். பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது, இங்கே தடை. தடை நீங்க வேண்டுமா என்பது கொள்கை முடிவு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் தடையின் நிழல் பதனீர் மேல் விழுவதை உழவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். பாளையும் ஒன்று, மரமும் ஒன்று. சந்தேகத்தின் பேரில் கலயத்தை உடைத்தாலோ ஆளை நிலையத்தில் உட்கார வைத்தாலோ அன்றைய பதனீர் மட்டும் போவதில்லை. பாளையை நாள் தவறாமல் சீவினால்தான் ஊறும். இரண்டு மூன்று நாள் விட்டால் முகம் காய்ந்து, அந்தப் பாளையே பயனற்றுப் போகலாம். தென் மாவட்டங்களில் பருவமே மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரைதான். "சோதனைக்கு வருகிறவர் பதனீரையும் கள்ளையும் பிரித்தறிய என்ன நடைமுறை வகுக்கப்பட்டுள்ளது?" என்ற ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால், கள் விவாதம் முடியும்வரை காத்திராமலே பனையேறிக்கு நிம்மதி கிடைக்கும். தென்னை நீராவுக்கு 2017-இல் தனி விதிமுறை வகுத்த மாநிலம் இது. செய்ய முடியாத காரியம் இல்லை.

விலைக்கு வருவோம். ஏறத்தாழ எட்டு லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. அடுப்படியில் பல மணி நேரம் வெந்து கிடப்பது வீட்டுப் பெண்கள்தான், அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பருவத்தில் விலை இறங்கும். மழைக்காலத்தில் ஏறும். ஆனால் மழைக்காலம்வரை சரக்கை வைத்திருக்க முடியாது. ஈரம் பட்டால் இளகிவிடும், போதாக்குறைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் சீனிப்பாகு கலந்த சரக்கு அதே பெயரில் பாதி விலைக்கு விற்றால் குறியீடு எதைக் காக்கும்? "கடந்த ஆண்டு எத்தனை கருப்பட்டி மாதிரிகள் எடுக்கப்பட்டன, எத்தனையில் கலப்படம், என்ன நடவடிக்கை?" என்று கேட்டால் எண்ணிக்கையில்தான் பதில் சொல்லியாக வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லுக்கும் பருத்திக்கும் தரும் பொருளீட்டுக் கடன் கருப்பட்டிக்கும் உண்டா என்பதும் கேட்கத் தகுந்ததே.

இனி பதில்களின் மொழி. அவைப் பதில்கள் (அ), (ஆ) என்று பிரித்து வரும். (அ) அத்தகைய திட்டம் உள்ளதா? "இல்லை." (ஆ) இருப்பின் எப்போது? "எழவில்லை." அத்தோடு முடிந்தது. "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு எங்கோ இருக்கிறது, தேதி இல்லை. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த ஆண்டு எதிர்பார்க்க வேண்டாம். "இந்த ஆண்டே செய்து தரப்படும்" என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழி. சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று துறையைக் கேட்பதுதான் அதன் வேலை. மாவட்டங்களுக்கும் ஆய்வுக்கு வரும். அந்தக் குழு உங்கள் மாவட்டத்துக்கு வருகிறது என்று செய்தி பார்த்தால், பழைய செய்தித்தாள் நறுக்கோடு மனு கொடுங்கள்.

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் போகும்போது "பனையைக் காப்பாற்றுங்கள்" என்று மனு எழுதாதீர்கள். எந்தத் துறை, எந்த ஊர், என்ன எண்ணிக்கை வேண்டும் என்று ஒரே பக்கத்தில் மூன்று கேள்வியாக எழுதிக் கொடுங்கள். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்க வேண்டாம், கேள்வி கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கியபின் ஓடுவதில் பயனில்லை. துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் பேசவும் அவருக்கு இதே தாள் உதவும்.

அதற்கு முன் ஊரில் ஒரு கணக்கெடுங்கள். எத்தனை பனை நிற்கிறது, எத்தனை மரத்தில் கலயம் கட்டுகிறார்கள், ஏறுகிறவர் எத்தனை பேர், அவர்களில் நல வாரிய அட்டை இருப்பவர் எத்தனை பேர்? அட்டை இல்லாதவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டால் வாரிய உதவி கேட்கவே குடும்பம் திணறும். அதனால் பருவம் தொடங்கும் முன் பதிவை முடித்துவிடச் சொல்லுங்கள். கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, அதன் நகலை மனுவோடு இணையுங்கள். பருவத்துக்கு முன் வரும் கிராம சபை ஜனவரி 26 அன்று.