ஜனவரி 6: பலகையில் இன்னும் ஒரு வரி வேண்டும்



நம் பள்ளி வராந்தாவில் இருக்கும் 'வரலாற்றில் இன்று' பலகையை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன். ஜனவரி 6-ம் தேதிக்கு ஒரே வரிதான். 'இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் பிறந்த நாள், 1967.'

அந்த வரியை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அப்பா இறந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அவர் அம்மா குடும்பத்தை ஓட்டினார். அந்தப் பையன் 2009-ல் இரண்டு ஆஸ்கார் வாங்கினார். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே தேதிக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது என் கருத்து.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. மொத்தம் 19 பேர். கானா, பறை, சட்டி மேளம், கூடவே கிடாரும் டிரம்ஸும். சாதி இல்லாதவர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குழுவில் கானா பாடிய இசைவாணி நம்ம ராயபுரத்து அக்கா. கானா என்றாலே ஆம்பளைங்க பாட்டு என்று இருந்த இடத்தில் அவர் பாடினார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ராயபுரம் இங்கிருந்து ஒரே பஸ்ஸு தூரம். நம் பலகைக்கு மட்டும் அது வரவே இல்லை!

ஏன் வரவில்லை என்று யோசித்தேன். சினிமாப் பாட்டுக்குத் தேதி உண்டு. 'அன்னக்கிளி' 1976 மே 14, 'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 என்று படம் வெளியான நாளை வைத்துச் சொல்லிவிடலாம். கானாவுக்கு அப்படி இல்லை. எங்க தெருவுல யாராவது தவறிட்டா ராத்திரி ஷாமியானா போட்டு, டீ போட்டு, கானா பாடுறவங்களைக் கூப்பிடுவாங்க. அவங்க வந்து முதல்ல கேப்பாங்க: செத்தவங்க பேர் என்ன, வலைக்குப் போனவரா, ஹார்பர்ல மூட்டை தூக்குனவரா, பவர் ஹவுஸ்ல கான்ட்ராக்ட்டா, பிள்ளைங்க எத்தனை? அதையெல்லாம் வச்சு அங்கேயே பாட்டு கட்டுவாங்க. விடிய விடிய டோலக்கு அடிக்கும். காலையில் பொணம் போகும்போது பாட்டும் கூடவே போய்விடும். யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு மனுஷனுக்காகவே கட்டின பாட்டு, அவரோடு சரி. இப்படி எத்தனை பாட்டு போயிருக்கும்? தேதி இல்லாததால் அது வரலாறு இல்லை என்று ஆகிவிடுமா?

அதனால்தான் தேதி உள்ள ஒரு நாளையாவது விடக்கூடாது என்கிறேன்.

கானாவில் கெட்ட வார்த்தை வருது என்று சிலர் சொல்வார்கள். சில பாட்டில் வருகிறது. பொண்ணுங்களைத் திட்டுற பாட்டு எனக்கும் பிடிக்காது, யாராவது போனில் போட்டால் எழுந்து போய்விடுவேன். ஆனால் சினிமாவில் மட்டும் அப்படிப் பாட்டே இல்லையா? அதற்காக சினிமா இசை முழுவதையும் பலகையிலிருந்து அழித்தோமா? 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய வாளமீன் கல்யாணப் பாட்டுக்கு இன்றைக்கும் எல்லா விசேஷத்திலும் ஆடுகிறார்கள். ஆடும்போது கானா இனிக்கும், எழுதும்போது மட்டும் கசக்குமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 பொங்கல் சமயத்தில் டி.எம்.கிருஷ்ணா நம்ம எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக சங்கீதம், ஆனால் பேச்சு நம்ம மெட்ராஸ் பேச்சு. சாம்பல் கொட்டி ஆற்றைக் கெடுத்ததை ஊரே கேட்கும்படி பாடினார், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பத்திரிகைகளும் பாராட்டின. ஆனால் போன வருடம் ஒரு பாட்டுப் போட்டியில் என் தோழி கானா பாடப் பேர் கொடுத்தபோது, "நல்ல பாட்டா பாடும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவள் பாட இருந்தது அவள் தாத்தாவைப் பற்றி. கெட்ட வார்த்தை ஒன்றுகூட கிடையாது. அதே பேச்சை வித்வான் பாடினால் சங்கீதம், நாங்க பாடினால் மட்டும் நல்ல பாட்டு இல்லையா?

பலகையில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஜூன் 24-ம் தேதிக்கு கண்ணதாசன் பிறந்த நாள் (1927), எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த நாள் (1928) என்று இரண்டு வரி எழுதுகிறோமே! ஜனவரி 6-க்கும் இரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும். நான் அளந்து பார்த்துவிட்டேன், கீழே ஒரு சாண் காலியாக இருக்கிறது.

வரியும் தயார்: '2018 - ராயபுரம் இசைவாணி பாடிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி.' பலகை எழுதும் அக்காவிடம் கேட்டேன். ஆசிரியர் சரி என்றால் எழுதுகிறேன் என்றார். ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஜனவரி 6-க்கு முன்னாடி சொன்னால் நல்லது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி