போன் நம்முடையது, கடிவாளம் யாருடையது?

விடியற்காலையில் தாம்பரம் ரயிலடிக்கு வந்து பாருங்கள். ஆலைக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், படப்பை பஸ்ஸுக்கு நிற்கும் வயல்வேலைப் பெண்கள். எல்லோர் கையிலும் ஒரு போன். அதை வாங்கியது நமது கூலி. மாதந்தோறும் ரீசார்ஜ் என்று அதற்குத் தீனி போடுவதும் நமது கூலிதான். ஆனால் அது யார் சொல் கேட்கிறது?

வாட்ஸ்அப்பை பேஸ்புக் கம்பெனி 2014-ல் விலைக்கு வாங்கியது. 2021-ல் புதிய நிபந்தனைகள் வந்தன: சம்மதித்தால் இரு, இல்லையேல் போ! இது ஏகபோக பலத்தைத் துஷ்பிரயோகம் செய்வது என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் தாய்க் கம்பெனியான மேட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம்மைப் பற்றிய விவரங்களும் அவர்களுக்கு வியாபாரச் சரக்கு!

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. சில மாதங்களாக நாமே பரீட்சித்துப் பார்த்தோம்.

எஃப்-டிராய்டு என்றொரு செயலிக் கிடங்கு உண்டு. பெயர், விலாசம் கேட்பதில்லை. அங்குள்ள செயலிகளின் மூலநிரல் பகிரங்கமானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அங்கிருந்து ஆர்கானிக் மேப்ஸ் எடுத்தோம். 2004 முதல் உலகெங்கும் பொதுமக்களே கூடி வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம்தான் அதில் இருக்கிறது. முடிச்சூர்ப் பக்கம் நாம் குடியிருக்கும் சந்தின் பெயரையும் குழாயடியையும் நாமே அதில் சேர்த்தோம். நெட் தீர்ந்த நாளிலும் அது வழி காட்டிற்று.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டோம். நம்மில் ஒருவர் ஆவேசத்தில் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு சிக்னலுக்கு மாறினார். சிக்னலை நடத்துவது லாப நோக்கில்லாத ஸ்தாபனம். அதன் நிரலும் பகிரங்கம். ஆனால் ஷிப்ட் மாறிய சேதியை மேஸ்திரி பழைய குழுவில்தான் போட்டார். தோழர் காலையில் கேட்டில் போய் நின்றார்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போயிற்று.

“அப்படியானால் நம்மூர்க் கம்பெனியின் அரட்டைக்கு மாறலாமே?” என்று சிலர் கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் கொண்ட ஜோஹோ 2021-ல் வெளியிட்ட செயலி அது. 2025 செப்டம்பரில் ஜனங்கள் திரளாக அதில் சேர்ந்தார்கள். நம் பகுதியில் பிறந்தது என்பதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் அதன் மூலநிரல் பொதுவில் இல்லை. சாவி ஒரு கம்பெனியின் கையில். எஜமானன் சுதேசியாகிவிட்டால் வேலைக்காரன் சுதந்திரன் ஆகிவிடுவானா?

நாம் கண்ட பாடம் இதுதான். தனியாகப் போனவர் கூலியை இழந்தார். பிறகு தெருவில் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் சிக்னலில் குழு தொடங்கினோம். தண்ணீர் லாரி வருவதும் ரேஷன் கடை திறப்பதும் இப்போது அதில்தான் தெரிகிறது. கூடிப் போனதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தெருவில் முடிந்தது ஆலையிலும் முடியும். முதல் கோரிக்கை இதுவாகட்டும்: வேலை உத்தரவை ஆலை வாசல் பலகையில் எழுது! ஒரு கம்பெனியின் செயலி இல்லாத காரணத்தால் எந்தத் தொழிலாளியின் கூலியும் போகக் கூடாது. அந்த நிர்ப்பந்தம் நீங்கினால், எந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்பதை நாமே தீர்மானிக்கலாம். இந்த வாரமே உங்கள் யூனியன் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே!